குதிகாலில் ஒரு கறுப்பு: டர்பனில் நான் கோட்டைவிட்ட 14 மாதங்கள்

2023 ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வலது குதிகாலில் அதைப் பார்த்தேன். கறுப்பு உளுந்து அளவு இருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை, தொட்டால் மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் 7 பெரிய வெள்ளியன்று, நான் தீ மிதித்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் பெரிய வெள்ளியன்றுதான் தீமிதி. கரும்புத் தோட்டக் காலத்தில் கிடைத்த விடுமுறை நாளில் வைத்துக்கொண்ட வழக்கம் அப்படியே நின்றுவிட்டது என்பார்கள். ஆக, கறுப்புக்குக் காரணம் தேட வேண்டிய வேலையே எனக்கு இல்லை. கங்கு பட்ட இடம், அவ்வளவுதான். துண்டை உதறிப் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அந்தக் கறுப்புக்குப் பெயர் மெலனோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய், என்று தெரிய 2024 ஜூன் ஆனது. நடுவில் போன 14 மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு நாகப்பட்டினம் பக்கம். 2006-இல் ஒரு சரக்குக் கப்பல் முகவர் நிறுவனத்தில் கணக்கு வேலைக்காக டர்பன் வந்தவன். மகள் கல்லூரிப் படிப்புக்காக மனைவியும் அவளும் திருச்சிக்குப் போய்விட, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தேன். தனியாக இருப்பவனுக்கு உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, ஆனால் உண்மை அதுதான். முதுகு, பின் கழுத்து, உள்ளங்கால், இவையெல்லாம் அடுத்தவர் கண்ணில் படுகிற இடங்கள்.

கீழ் வீட்டில் இருக்கும் ஆன்ட்டிக்கு எழுபது வயது. நான்காம் தலைமுறை டர்பன் தமிழர். பாதி ஆங்கிலம் பாதி தமிழாகப் பேசுவார். காலைக் காட்டினேன். “அது தீ மிதிச்ச காயம் தம்பி, அம்மா பார்த்துக்குவா” என்று மஞ்சள் வைக்கச் சொன்னார். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, கால் ஆணியாக இருக்கும், எருக்கம்பால் வை என்றார். டர்பனில் எருக்குக்கு எங்கே போவது? மருந்துக்கடையில் கால் ஆணிக்கான பிளாஸ்டர் கிடைத்தது. தோலைக் கரைக்கும் அமிலம் தடவிய வட்டம். அதை வாரம் ஒன்றாக எட்டு மாதம் ஒட்டினேன். மேல் தோல் வெள்ளையாக உரியும், ஒரு வாரம் கறுப்பு மங்கினதுபோல் இருக்கும், எனக்குச் சந்தோஷம். அடியில் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் ஆணி பெரும்பாலும் மஞ்சளாக, கெட்டியாக, அழுத்தினால் வலிப்பதாக இருக்கும். ரத்தக்கட்டு என்றால் தோல் வளர வளர நகர்ந்து, சில வாரங்களில் உரிந்து போய்விடும். ஒரு மாதமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்போ பழுப்போ ஆறாத புண்ணோ இருந்தால், பெயர் எதுவாக இருக்கட்டும், அமிலம் ஒட்டாதீர்கள். ஒட்டினால் நோய் போகாது, அதன் உருவம் மாறிப்போகும். அப்புறம் பார்க்கிற மருத்துவருக்கும் குழப்பம்.

2023 நவம்பரில் அது சோளப்பொரி அளவுக்கு ஆகி, ஓரம் ஒரு பக்கம் வழிந்த மை மாதிரி இருந்தது. பக்கத்து ஜிபியிடம் (பொது மருத்துவர்) போனேன். நல்ல மனிதர், எப்போதும் வரிசையில் இருபது பேர் இருப்பார்கள். பிளேடால் மேலாகச் சீவினார், கீழேயும் கறுப்பு இருந்தது, “பழைய ரத்தம்” என்றார். சீவியது குப்பைத் தொட்டிக்குப் போனது. பிறகு கால் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போனேன், அங்கேயும் சீவல். பிப்ரவரியில் மறுபடி அதே ஜிபி, ஒரு களிம்பு. நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கறுத்த தோல்காரனின் உள்ளங்காலில் மெலனோமா இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உடம்பிலிருந்து கறுப்பாக எதையாவது சீவினாலோ வெட்டினாலோ, அதை லேபுக்கு அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். ஒரே கேள்விதான். நவம்பரில் நான் கேட்டிருந்தால் ஏழு மாதம் மிச்சம்.

எனக்கு ஏன் அந்த நினைப்பு வரவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். பிறந்தது ஸ்காட்லாந்தில், ஆறு வயதில் பெற்றோருடன் டர்பன் வந்துவிட்டார். பள்ளி நாள்களில் கடலே கதி. பலகை எடுத்துக்கொண்டு அலையில் ஏறுவார்கள். வருடத்துக்கு நாலைந்து முறை தோள் முழுக்கக் கொப்பளித்துத் தோல் உரியுமாம், அண்ணனும் தம்பியுமாகப் பந்தயம் வைத்து உரிப்பார்களாம். 2019-இல் அவர் முதுகில் மெலனோமா வெட்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து கோடையிலும் முழுக்கைச் சட்டை, பெரிய தொப்பி. என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார், “உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை, உடம்பிலேயே குடை கட்டிக்கொண்டு பிறந்திருக்கிறீர்கள்” என்று. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. காலமெல்லாம் நம் நிறத்தைக் குறையாகச் சொன்ன ஊரில் இதுவாவது நமக்குச் சாதகமாக இருக்கட்டுமே என்று. தோல் புற்றுநோய் என்றால் வெயில், வெயில் என்றால் வெள்ளைக்காரர். என் தலையில் இந்தக் கணக்கு இப்படித்தான் பதிந்திருந்தது.

அவரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். தென்னாப்பிரிக்காவின் வெயில் சாதாரணமானதில்லை. கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு (தோலைச் சுடும் கதிர் எவ்வளவு என்று சொல்லும் எண்) 11-ஐத் தாண்டும். 11-க்கு மேல் என்றாலே ‘அதீதம்’ என்கிற கடைசிப் படி. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில்; நமக்கு ஊரில் மார்கழிக் குளிர், இங்கே நடுக்கோடை. அந்த நெருக்கத்தால் மட்டும் ஜனவரியில் வந்து விழும் வெயில் ஜூலையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் கூடும். அங்கே காற்று குளுகுளுவென்று இருப்பதால் சுடுவது தெரியாது, அதுதான் ஏமாற்று. லேசான மேகம் இருந்தாலும் பெரும்பங்கு கதிர் உள்ளே வந்துவிடும். டர்பன் கடற்கரையில் மணலும் நுரையும் வேறு கீழிருந்து திருப்பி அடிக்கும். குடைக்குள் உட்கார்ந்தாலும் வெந்துபோவது அதனால்தான்.

இன்னொன்றும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். வாழும் இடம் மட்டுமல்ல, எந்த வயதில் அங்கே வந்தோம் என்பதும் கணக்கில் வருகிறது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்களில், சிறு வயதில் போனவர்களுக்கு மெலனோமா ஆபத்து அங்கேயே பிறந்தவர்களை நெருங்குகிறது. வளர்ந்தபின் போனவர்களுக்குக் குறைவாகவே இருக்கிறது. என் அலுவலக நண்பர் ஆறு வயதில் வந்தவர். வெளுத்த தோலுக்கு மெலனோமாவைக் கொண்டுவருவதில் முக்கியமானது தினமும் மெல்லப் படும் வெயிலைவிட, அவ்வப்போது கொப்பளிக்கும் அளவு படும் வெயில், அதிலும் சின்ன வயதில் பட்டது. வாரம் முழுக்க நிழலில் இருந்துவிட்டு சனி ஞாயிறு கடற்கரையில் வெந்துபோவது அந்த வகை. நம்மிலும் வெளுத்த தோல் உள்ளவர்கள், கலப்புத் திருமணத்தில் பிறந்து வெயிலில் சிவந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும். காலை 10 முதல் மதியம் 3 வரை நிழல், அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத வெயில் கிரீம், இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசுவது. தாத்தா பாட்டி கரும்பு வெட்டியே ஒன்றும் ஆகவில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் வீரம் பேசாதீர்கள்.

சரி, என் காலுக்கு வருகிறேன். 2024 மே மாதம் சாக்ஸில் ரத்தக் கறை. அப்போதும் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அலுவலகத்தில் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததைப் பார்த்து அந்த வெள்ளைக்கார நண்பர் என்னவென்று கேட்டார். ஷூவைக் கழற்றிக் காட்டினேன். அவர் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சத்தமே இல்லாமல் போனை எடுத்து, தன் தோல் மருத்துவரிடம் எனக்கு நேரம் கேட்டார். வழக்கமாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். “காலில் கறுப்பு, வளர்கிறது, ரத்தம் வருகிறது” என்று அவர் சொன்ன விதத்தில் ஒன்பதாம் நாள் கிடைத்தது. நேரம் கேட்கும்போது ‘தோலில் ஒரு பிரச்சினை’ என்று கூச்சப்பட்டுச் சொல்லாதீர்கள். வளர்கிறது, நிறம் மாறுகிறது, ரத்தம் வருகிறது: இந்த மூன்றில் எது உண்மையோ அதை வரவேற்பில் இருப்பவரிடமே சொல்லுங்கள்.

அந்த மருத்துவர் அம்மா ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் காலில் வைத்தார். டெர்மாஸ்கோப் என்பார்கள். இருபது விநாடி இருக்கும். பிறகு திரையில் எனக்கே காட்டினார். உள்ளங்கால் ரேகையைப் பெரிதாக்கினால் எங்கள் ஊர் வயல் மாதிரியே இருக்கிறது, வரப்பும் வாய்க்காலும். சாதாரண மச்சத்தில் கறுப்பு வாய்க்கால் வழியே ஓடும். மெலனோமாவில் வரப்பின் மேல் ஏறி நிற்கும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன அடையாளம் இது. அவர்கள் நாட்டிலும் மெலனோமா அதிகம் வருவது கை கால்களில்தான். என் குதிகாலில் வரப்பெல்லாம் கறுப்பு. அன்றே இரண்டு இடத்தில் துளையிட்டு, லேபில் சோதிக்கச் சதை எடுத்தார், பயாப்ஸி என்பார்கள். இந்த முறை சதை குப்பைக்குப் போகவில்லை.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி, இங்கே வரும் வகை. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? போன வாரம்தான் 320 ராண்ட் கொடுத்து வெயில் கிரீம் வாங்கி முகத்தில் பூச ஆரம்பித்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பூசுங்கள், நல்லதுதான். ஆனால் உங்களுக்கு இது வந்ததற்கு வெயில் காரணமில்லை” என்றார். வெள்ளைத் தோலில் வரும் மெலனோமாவின் மரபணுவில் வெயில் போட்ட தழும்பு நிறைய இருக்குமாம், உள்ளங்கால் வகையில் அது பெரும்பாலும் குறைவு. ஏன் வருகிறது என்பது முழுசாகப் பிடிபடவில்லை, காலில் எடை தாங்கும் இடங்களில் கூடுதலாக வருவதைக் கவனித்திருக்கிறார்கள் என்றார். கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமாவே குறைவு. வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இந்த இடங்களில் வருகிறது. யாரும் அங்கே பார்ப்பதில்லை என்பதால் முற்றிய பிறகே தெரிகிறது. பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். கால்பந்தில் பட்ட அடி என்று நினைத்தார்கள். 1977-இல் கண்டுபிடித்து, 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். நான் தீ மிதித்த காயம் என்று நினைத்தேன். ஒவ்வொருவருக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

தீயா காரணம் என்று அவரிடம் நான்கு முறை கேட்டிருப்பேன். இல்லை என்றுதான் சொன்னார், எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். 2022 டிசம்பரில் மகள் விடுமுறைக்கு வந்தபோது கடற்கரைப் பெஞ்சில் நான் கால் நீட்டித் தூங்குவதைக் கிண்டலுக்காக எடுத்த படம் ஒன்று. பெரிதாக்கினேன். வலது குதிகாலில், மணலுக்கு நடுவே, எள்ளு அளவு கறுப்பு. தீ மிதிப்பதற்கு நான்கு மாதம் முன்னால். அன்று இரவு தூங்கவில்லை. அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. மகளுக்குத் தேர்வு, மனைவிக்கு ரத்த அழுத்தம், நான் பெரிய தியாகி என்று நினைப்பு. அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்போது நெருங்கிய உறவினர் தொலைபேசி எண் கேட்டார்கள். கீழ் வீட்டு ஆன்ட்டி எண்ணைக் கொடுத்தேன். முடிந்து பத்து நாள் கழித்துச் சொன்னபோது மனைவி திட்டவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதை மட்டும் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள். மருத்துவர் சொல்வதில் பாதி காதில் ஏறாது. போனிலாவது கூட ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் பார்க்க வேண்டியது ஆழம். பிரெஸ்லோ அளவு என்று மில்லிமீட்டரில் இருக்கும். 1970-இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் சொன்ன அளவுகோல், இன்றும் அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அகலம் எவ்வளவு என்பதைவிட, தோலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் ஆளின் தலைவிதியைச் சொல்கிறது. எனக்கு 1.6 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்திருந்தால் வேலை இன்னும் எளிதாக முடிந்திருக்கும். ஜூலையில் அறுவை. கறுப்பு 16 மி.மீ. இருந்தது, சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், குதிகாலில் ஐந்தரை சென்டிமீட்டர் பள்ளம். தொடையிலிருந்து தோல் எடுத்து மூடினார்கள். கூடவே தொடை இடுக்கில் ஒரு நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்த்தார்கள், நோய் காலை விட்டு ஏறியிருந்தால் முதலில் போய் நிற்கும் இடம் அது. அதைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் ஊசி போடுவார்கள். மறுநாள் காலை சிறுநீர் பச்சை நீலமாக வந்ததைப் பார்த்து நான் அலறி நர்ஸைக் கூப்பிட்டதும், அவர் சிரித்ததும் தனிக் கதை. முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்டிருக்க மாட்டேன். முடிச்சில் நோய் இல்லை. அந்தத் தகவலுக்காகக் காத்திருந்த பதினோரு நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஐந்து வாரம் வலது காலை ஊன்றக் கூடாது. நான் இருப்பது மாடி. ஊன்றுகோலோடு படி இறங்க முடியாமல், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன், குழந்தை மாதிரி. ஊன்றுகோல் பிடித்த கையில் காபித் தம்ளரைத் தூக்க முடியாது என்பது அன்றுதான் உறைத்தது. மூடி போட்ட பாத்திரம், கழுத்தில் மாட்டும் பை, குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி, இந்த மூன்றையும் அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆன்ட்டி பருப்போடு ப்ரேயானி அனுப்புவார் (டர்பனில் பிரியாணிக்கு அதுதான் பெயர், பருப்பு இல்லாமல் சாப்பிட மாட்டார்கள்). ஒருநாள் தட்டோடு மேலேயே வந்து, “நான்தானே தம்பி மஞ்சள் வைக்கச் சொன்னேன்” என்று வாசலில் நின்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? மஞ்சள் வைத்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை ஆன்ட்டி, பிளாஸ்டர் ஒட்டினது நான் என்றேன்.

பணக் கணக்கு. நான் கணக்காளன், ஆனாலும் இதில் கோட்டைவிட்டேன். என்னிடம் இருந்தது மருத்துவமனைச் செலவு மட்டும் தரும் மெடிக்கல் எய்ட், இங்கத்திய மருத்துவக் காப்பீடு. ஜிபி இரண்டு முறை 1,040 ராண்ட், பிளாஸ்டரும் களிம்பும் 700, கால் பராமரிப்பு 650, தோல் மருத்துவர் 1,950, இவை கைக்காசு. அறுவை மருத்துவரின் கட்டணம் திட்டம் தரும் விகிதத்தைவிட இரண்டு மடங்கு, அதில் என் பங்கு 21,600. மயக்க மருந்து நிபுணருக்கு 6,300. வண்டிக் கூலி 2,800. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. காய்ச்சல் தலைவலி என்று அதில் முக்கால்வாசியை ஏற்கெனவே தின்றிருந்தேன். மீதிக்கு வருட விடுப்பு, அதுவும் தீர்ந்து 11 நாள் சம்பளம் போனது, ஏறக்குறைய 17,000. கூட்டினால் 52,000 ராண்ட். நம் ரூபாயில் அப்போது இரண்டேகால் லட்சத்துக்கு மேல்.

இதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். 1998-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டத்தில் குறைந்தபட்சக் கட்டாயப் பயன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, இங்கே பிஎம்பி என்பார்கள். குணப்படுத்த வாய்ப்புள்ள புற்றுநோய்கள் அதில் வரும். எந்த மலிவுத் திட்டமானாலும், திட்டம் நியமித்த மருத்துவரிடம் போனால் முழுச் செலவையும் அவர்கள் தர வேண்டும். நான் அந்தப் பட்டியலைக் கேட்கவே இல்லை. நண்பர் சொன்ன அறுவை மருத்துவரிடம் நானாகப் போனேன், அதனால் வித்தியாசம் என் தலையில். முடிவு வந்த அன்றே மெடிக்கல் எய்டுக்குப் போன் செய்து, புற்றுநோய்ப் பிரிவில் பதிந்துகொள்ளுங்கள். எனக்கு நியமித்த மருத்துவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களில் யாரும் நியாயமான காலத்துக்குள் கிடைக்காவிட்டால் வெளியே போகலாம், அப்போதும் முழுசாகத் தர வேண்டும்.

அடுத்தது குறியீடு. பயாப்ஸிக்கு 3,400 ராண்ட் பில் நிராகரிக்கப்பட்டு வந்தது. பார்த்தால் எல்84 என்று போட்டிருக்கிறது. அது கால் ஆணிக்கும் காய்ப்புக்குமான நோய்க் குறியீடு! ஜிபி கொடுத்த பரிந்துரைக் கடிதத்திலிருந்த எண்ணை யாரோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். காலில் வரும் மெலனோமாவுக்கு சி43.7. எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்ப வைக்க ஆறு வாரமும் இருபது போன் அழைப்பும் ஆனது, பணம் வந்தது. கையில் வரும் ஒவ்வொரு பில்லிலும் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், குறியீட்டைப் பாருங்கள். திட்டம் மசியாவிட்டால் மருத்துவத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு உடம்பு பார்க்கும் நாள். தரையில் கண்ணாடியைப் போட்டு இரண்டு உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், உள்ளங்கை. சந்தேகமான மச்சம் இருந்தால் பக்கத்தில் ஐந்து ராண்ட் காசை வைத்துப் படம் எடுப்பேன், அடுத்த மாதம் ஒப்பிட அளவு இருக்கும். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு விழுந்து, அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைத் தாண்டித் தோலிலும் கறுப்பு பரவினாலோ காத்திருக்கக் கூடாது. பெண்கள் மருதாணியோ நகப்பூச்சோ போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டால் போதும். மனைவியும் மகளும் திருச்சியிலிருந்து வீடியோவில் அவரவர் காலைக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பரிசோதனை, நகம், தோல், தொடை இடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பார்கள்.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. என்னைத் தீ மிதிக்க விடவில்லை, ஒட்டுத் தோல் இன்னும் பிஞ்சு. குழிக்குக் கடைசியில், பால் ஊற்றி வைத்திருக்கும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று, இறங்கி வருகிறவர்களுக்குத் துண்டு கொடுக்கும் வேலை. காலைத் துடைப்பவர்களின் உள்ளங்காலை என் கண் தானாகத் தேடியது. கரி, சாம்பல், மஞ்சள், பால், இதில் எதைக் கண்டுபிடிப்பது? ஒரு பெரியவர், வழக்கமாக என்னோடு மிதிப்பவர், பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, “என்னப்பா என் காலையே முறைக்கிற” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொம்புத் தண்ணீரை வாங்கி இரண்டு பாதத்தையும் தேய்த்துக் கழுவி, இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். கட்டை விரலுக்குக் கீழே ஒரு பழுப்புப் புள்ளி. “இது சின்ன வயசிலிருந்தே இருக்கு” என்றார். சின்ன வயதிலிருந்து இருந்தால் நல்லது, ஆனாலும் திங்கள் விடுமுறை, செவ்வாய்க்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். காசை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.